சாவி தொலைந்த கதை

இன்றைக்குக் காலையில் நடந்ததை இப்போதே எழுதிவிடுகிறேன். விட்டால் எதிர்வீட்டுக்காரர் தன் பாணியில் தெரு முழுக்கச் சொல்லி முடித்துவிடுவார். அவர் சொல்லும்போது நான் குட்டைக்குள் விழுந்திருப்பேன்.

நடைப்பயிற்சி என்று நான் கிளம்புவதும், 40 நிமிடம் கழித்துத் தெருமுனையைக்கூடத் தாண்டாமல் திரும்புவதும் உங்களுக்குப் புதிதல்ல. இதயம் படபடக்க நடக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எனக்கும் படபடக்கத்தான் செய்கிறது, போனில் படம் எடுப்பதற்குள் வெளிச்சம் போய்விடுமோ என்று. சூரியன் உதித்து ஒரு மணி நேரம்தான் வெயில் சாய்வாக விழும். அப்போது சுவரில் பெயர்ந்த காரைகூட மலைத்தொடர் மாதிரி நிழல் கட்டி நிற்கும். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் தட்டை. அதே சுவர் வெறும் அழுக்குச் சுவர். இதை வீட்டில் பொறுமையாக விளக்கினேன்.

"அப்ப வாக்கிங் சுவத்துக்கு, உங்களுக்கில்ல" என்றாள்.

மூன்று வாரத்தில் நான் சேர்த்தவை: துருப்பிடித்த தாழ்ப்பாள் ஒன்று, 11 கோணங்களில். மின்கம்பத்தின் நிழல் படிக்கட்டில் ஏறும்போது மடிந்து மடிந்து போவது. கம்பி வேலியில் மாட்டிக்கொண்ட பட்டத்தின் வால். அப்புறம் ஒற்றைச் செருப்புகள். இதைப் பற்றி யாராவது ஆராய வேண்டும். தெருவில் ஒற்றைச் செருப்பாகக் கிடப்பதெல்லாம் இடது காலாகவே இருக்கிறது. வலதுகள் எங்கே போகின்றன? அதைப் போட்டுக்கொண்டு ஒருவர் ஒற்றைச் செருப்போடு வீடுவரை நடந்திருக்கிறார் என்றால் அவர் வீட்டில் என்ன கேட்டிருப்பார்கள்? சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ராத்திரி மழை. காலையில் தெருமுனைப் பள்ளத்தில் முறம் அகலத்துக்குத் தண்ணீர் தேங்கி நின்றது. அந்த முறத்துக்குள் ஒரு மின்கம்பம், நாலு கம்பி, ஒரு காகம், ரோஸ் நிறத்தில் பாதி மேகம். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் தெரியாது, சேறுதான். உட்கார வேண்டும். உட்கார்ந்து போனைத் தலைகீழாகப் பிடித்து, லென்ஸ் தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் இருக்கும்படி இறக்கினால் முறம் ஏரியாகிவிடும். ஃபோகஸைத் தண்ணீரில் வைக்கக் கூடாது, உள்ளே தெரியும் காகத்தில் வைக்க வேண்டும். தண்ணீரில் வைத்தால் மிதக்கிற தூசிதான் துல்லியமாக விழும். இந்த ஒரு விஷயம் புரிய எனக்கு இரண்டு மழைக்காலம் ஆனது.

ஆக, குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தேன். என் முழங்கால் கதை உங்களுக்குத் தெரியும். உட்கார்வது என் இஷ்டம், எழுவது அதன் இஷ்டம்.

தெருவில் போகிறவரை யாரும் பார்ப்பதில்லை, நிற்கிறவரைத்தான் பார்ப்பார்கள். கேமராவும் அப்படித்தான். 1838-ல், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவரான டாகேர் பாரிஸில் ஜன்னல் வழியே ஒரு பெரிய சாலையைப் படம் எடுத்தார். பதிவாகச் சில நிமிடங்கள் பிடிக்கும் காலம் அது. போய்க்கொண்டிருந்த வண்டிகள், ஆட்கள் எதுவும் விழவில்லை. ஷூவுக்குப் பாலிஷ் போட ஓரமாக நின்ற ஒருவர்தான் தெளிவாக விழுந்தார். மனிதர் தெரிகிற மிகப் பழைய புகைப்படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அவர் பெயர்கூட யாருக்கும் தெரியாது. என் பெயர் தெருவில் எல்லாருக்கும் தெரியும், அதுதான் சிக்கல்.

"என்ன தம்பி, ஏதாச்சும் விழுந்துடுச்சா?"

தினமும் எதிரே வருகிற பெரியவர். வானத்தைப் படம் எடுக்கிறேன் என்று சொல்லியிருக்கலாம். அவர் ஒரு தடவை மேலே பார்ப்பார், ஒரு தடவை என்னைப் பார்ப்பார், அப்புறம் வீட்டுக்குத் தகவல் போகும். அதனால் வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

"சாவி."

ஒரே ஒரு வார்த்தைதான். மூன்று நிமிடத்தில் ஆறு பேர். சீருடை போட்ட பையன் ஒருவன் குச்சியோடு வந்து தண்ணீரைக் கலக்கினான். மின்கம்பம் போயிற்று, காகம் போயிற்று, மேகம் சேறாயிற்று. ஒரு அம்மா என்னிடம், "கடைசியா எப்ப கையில வெச்சிருந்தீங்க, யோசிச்சுப் பாருங்க" என்று விசாரணை தொடங்கினார். சைக்கிள்காரர் ஒருவர் தன் சாவி தொலைந்த கதையைப் பூட்டு வாங்கிய நாளிலிருந்து ஆரம்பித்தார். தேடாமல் அறிவுரை மட்டும் சொல்ல எதிர்வீட்டுக்காரரும் வந்து சேர்ந்தார்.

இதற்கு ஒரே வழி, சாவி கிடைத்தாக வேண்டும். "போன் நனைஞ்சிடும், இப்படிக் குடுங்க" என்று பெரியவர் வாங்கிக்கொண்டார். பாவம், நல்ல மனிதர். நான் மெதுவாகப் பையில் கைவிட்டு, வீட்டுச் சாவியை உள்ளங்கையில் மறைத்து, தண்ணீருக்குள் நழுவவிட்டேன். உடனே "இதோ!" என்று எடுத்துக் காட்டுவதாகத் திட்டம்.

புளக் என்றது.

அது முறம் அல்ல, கிணறு. முழங்கைவரை விட்டும் அடி தட்டவில்லை. இப்போது நிஜமாகவே சாவி இல்லை. இதுவரை நடித்துக்கொண்டிருந்த முகம் தானாகவே சரியாக வந்துவிட்டது. அந்த அம்மாகூட, "பதறாதீங்க" என்றார்.

கடைசியில் பையன்தான் சட்டைக் கையைத் தோள்வரை சுருட்டி, ஒருக்களித்துப் படுத்துத் துழாவி எடுத்தான். எடுத்ததும் தலைக்குமேல் தூக்கிப் பிடித்தான். சாவியிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர், ஒவ்வொரு சொட்டிலும் வெயில். கீழே கலங்கல் தெளியத் தொடங்கிய தண்ணீரில் குனிந்த தலைகள் வட்டமாக, நடுவில் அந்த மேகம். மூன்று வாரமாக, ஏன், மூன்று வருஷமாக நான் தேடுகிற படம். போன் பெரியவர் கையில்.

"ஒரு வளையத்துல மாட்டி வைங்க தம்பி" என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் 47 படங்கள். கேமராவை மூடாமலே கொடுத்திருக்கிறேன், அவர் கட்டைவிரல் அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. 46 படங்களில் கட்டைவிரல், சட்டைப் பித்தான், சாய்ந்த மதில். அழிக்கப் போனேன். தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தவள், "இருங்க, இது என்ன?" என்றாள்.

மீதி ஒரு படம். ஓரத்தில் கட்டைவிரல், நடுவில் நான். தண்ணீருக்குள் கைவிட்டபடி, வாய் திறந்து, பேய் அறைந்த மாதிரி. சாவி போன அந்த நொடி.

திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். நன்றாகச் சிரித்தாள். அப்புறம், "இத்தனை ஆயிரம் படத்துல நீங்க இருக்கறது இது ஒண்ணுதான்" என்றாள். "பாப்பாவுக்கு ஸ்கூல்ல குடும்பப் போட்டோ கேட்டப்ப, உங்க ஆபீஸ் அடையாள அட்டைப் படத்தை வெட்டி ஒட்டித்தானே அனுப்பினேன்."

ஒட்டியது எனக்குத் தெரியாது. அவர்கள் இருவரையும் ஜன்னல் ஓரமாக நிற்கவைத்து நான் எடுத்த படம் அது. வெளிச்சம் நன்றாக விழுந்திருந்தது, அதுவரை ஞாபகம் இருக்கிறது.

படத்தைத் தன் போனுக்கு அனுப்பிக்கொண்டாள். பாப்பா வந்து பெரிதாக்கிப் பார்த்து, "அப்பா, உனக்குப் பின்னாடி முடியே இல்ல" என்றாள். அவ்வளவெல்லாம் இல்லை. வெயில் சாய்வாக விழுந்ததால் அப்படித் தெரிகிறது.