பத்து மடங்கில் ஒரு டீ கூஜா

அடகுக்கு வரும் தங்கத்தை உரைகல்லில் உரசி, பத்து மடங்கு லென்ஸில் பற்றாசு வைத்து ஒட்டிய இடம் பார்த்துத் தரம் சொல்வது என் தொழில். சாயங்காலம் புரசைவாக்கம் வீட்டுக்கு வந்த பிறகும் அந்த லென்ஸுக்கு வேலை இருக்கிறது. இரண்டு வருஷம் முன்பு சிங்கப்பூரிலிருந்து மச்சான் கொண்டுவந்து கொடுத்த சீன டீ கூஜாதான் காரணம்.

உள்ளங்கைக்குள் அடங்கும் கூஜா. சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில் யீஷிங் என்ற ஊர் மண். ஸிஷா என்பார்கள், ஊதா மணல் என்று அர்த்தம். மெருகுப் பூச்சு கிடையாது, மண் மண்ணாகவே தெரியும். நம் குயவர் போலச் சக்கரத்தில் வனைவதில்லை. மண்ணைத் தட்டித் தகடாக்கி, வளைத்து ஒட்டுகிறார்கள். ஒட்டிய தடம் உள்ளே, கைப்பிடிப் பக்கம் இருக்கும். என் கூஜாவில் விரல் விட்டுத் தடவினால் தெரிகிறது.

லென்ஸைக் கண்ணோடு ஒட்டி, பொருளை ஓர் அங்குலத்துக்குக் கொண்டுவர வேண்டும். வெளிச்சம் பக்கவாட்டில் சாய்வாக விழ வேண்டும். நேராக அடித்தால் எல்லாம் தட்டையாகிவிடும். முதல் தடவை அப்படிப் பார்த்தபோது மூச்சு நின்றது. வெறும் கண்ணுக்குப் பழுப்பாக இருந்த மேனியில் வெங்கச்சாங்கல் என்கிற குவார்ட்ஸ் பொடி வெள்ளையாக, பாதி கண்ணாடியாக. நடுவே காக்காப்பொன் என்கிற மைக்காவின் மினுக்கு. இரும்பு உருகிக் கருத்த ஒரு புள்ளி, கடுகில் கால்வாசி. இந்த மணல் மணிகளுக்கு இடையே நுண்குழிகள். இரண்டு மணி ஒரே அளவில் இல்லை.

அப்புறம் ஆசை வந்து இணையத்தில் எட்டாயிரம் கொடுத்து இன்னொன்று வாங்கினேன். கையால் செய்தது என்றுதான் போட்டிருந்தார்கள். லென்ஸை வைத்தால் மணியே இல்லை, ஆறிப்போன மெழுகு மாதிரி ஒரே சீர். உள்ளே ஒட்டுத்தடமும் இல்லை. வெளியே இரு பக்கமும் மேலிருந்து கீழ் வரை அச்சுக் கோடு. மண்ணைக் கூழாகக் கரைத்து பிளாஸ்டர் அச்சில் ஊற்றினால் இப்படி வரும். பணம் போனதைவிட, கையால் செய்தது என்ற சொல்லை நம்பியதுதான் வலித்தது.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். நல்ல மண்ணை அச்சில் அழுத்திச் செய்யும் கூஜாவும் உண்டு, அதனால் கோடு மட்டும் சாட்சி ஆகாது. ஜூனி என்ற சிவப்பு மண் இயல்பாகவே நைஸ், மணி தேடினால் ஏமாறுவீர்கள். ஒரே இடத்தில் உரசித் தங்கத்தின் மாற்று, அதாவது தரம், சொல்லக் கூடாது என்று என் அப்பா சொல்வார், அதேதான் இங்கேயும்.

ஒப்பிட்டுப் பார்க்க கொசப்பேட்டையில் வாங்கிய அகல் விளக்கையும் எடுத்தேன். மணல் பெரிது, குழி பெரிது, சொட்டு நீர் விட்டால் அந்த நிமிஷமே குடித்துவிடுகிறது. யீஷிங் மண் 1100 டிகிரிக்கு மேல் வெந்தது, அதில் சொட்டு அப்படியே நின்று யோசிக்கிறது.

"என்னங்க, டீ ஆறிடுச்சு" என்று வீட்டில் கூப்பிட்டார்கள். போவதற்கு முன் கூஜாவின் உள்பக்கம் டார்ச் அடித்துப் பார்த்தேன். இரண்டு வருஷத் தேநீர்க் கறை குழிகளில் மட்டும் இறங்கியிருக்கிறது. வெள்ளை மணிகள் இன்னும் தனியாக மேலே நிற்கின்றன.