“இவர்களே இப்படித்தான்” என்று முடிவுகட்டும் முன்

வெளிநாட்டில் வேலைக்குச் சேர்ந்த புதிதில் கண்ணில் படுவதெல்லாம் அருமையாகத் தெரியும். மீட்டிங் சொன்ன நேரத்துக்குத் தொடங்கும். மேலதிகாரியைப் பெயர் சொல்லிக் கூப்பிடலாம். வேலை முடிந்தபின் யாரும் போன் செய்து தொந்தரவு செய்ய மாட்டார்கள். சில மாதங்கள் போகட்டும், அதே ஆட்கள் மேல் அதே காரணங்களுக்காகவே எரிச்சல் வரும். நேரம் தவறாதவர்கள் இயந்திரங்களாகிவிடுவார்கள். தொந்தரவு செய்யாதவர்கள் ஒட்டாதவர்களாகிவிடுவார்கள்.

கலெர்வோ ஓபெர்க் என்ற மானுடவியலாளர் 1954-இல் ரியோ டி ஜெனிரோவில் ஒரு மகளிர் சங்கத்தில் இதைப் பற்றிப் பேசினார். எப்போது கை குலுக்குவது, எந்தப் பேச்சை விளையாட்டாக எடுத்துக்கொள்வது என்று நாம் யோசிக்காமலே செய்துவந்த சின்னச் சின்ன விஷயங்கள் மொத்தமாகக் கைவிட்டுப் போவதுதான் கலாச்சார அதிர்ச்சி என்றார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. பெரிய வித்தியாசங்களுக்கு மனம் தயாராகத்தான் வந்திருந்தது. ஆளைச் சோர்வாக்கியது சின்ன விஷயங்கள்தான்.

ஒரு அறிக்கையை அனுப்பியிருந்தேன். சக ஊழியரிடமிருந்து பதில் வந்தது: “மூன்றாம் பகுதி சரியில்லை. திரும்ப எழுதவும்.” வணக்கம் இல்லை, நன்றி இல்லை. மதியம் வரை அந்த இரண்டு வரி உள்ளே குடைந்துகொண்டே இருந்தது. மதியம் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து, அட்டவணையில் இருந்த எண்களை ஒவ்வொன்றாகச் சேர்ந்து சரிபார்த்தார். காலையில் எழுதியது அவர் நினைவிலேயே இல்லை. பிறகு கவனித்தேன், மேலதிகாரியின் அறிக்கைக்கும் அதே தொனியில்தான் குறிப்பு எழுதுகிறார்.

அதன் பிறகு மனம் சுருங்கும்போதெல்லாம் நோட்டில் நடுவே ஒரு கோடு போடுவேன். இடப்பக்கம் நடந்தது, வலப்பக்கம் அதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட அர்த்தம். இடப்பக்கம் ஒரு வரியைத் தாண்டாது. வலப்பக்கத்துக்குப் பக்கம் போதாது!

நம்மூர்க்காரர்கள் ஒன்றுகூடி அந்த நாட்டைத் திட்டித் தீர்ப்பதையும் ஓபெர்க் இந்த அதிர்ச்சியின் அறிகுறியாகவே சொல்கிறார். சரிதான். ஆனாலும் அந்தக் கூட்டத்தை முழுக்கத் தள்ளிவைக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. வாடகை ஒப்பந்தத்தையும் வரிப் படிவத்தையும் எனக்குப் புரியவைத்தவர்கள் அவர்கள்தான். பிரச்சினை, ஒருவர் பட்ட அவமானம் அங்கே பத்துப் பேரின் அபிப்பிராயமாகிவிடுவது. இதற்கு நேரெதிராக, வந்த இடத்தில் எல்லாமே சரி, சொந்த ஊரில் எதுவுமே சரியில்லை என்று பேசத் தொடங்குகிறவர்களும் உண்டு. அதுவும் நிதானம் தப்பியதுதான். வெளியே முன்னேற்றம் மாதிரித் தெரிவதால் யாரும் கண்டுகொள்வதில்லை.

எத்தனை நாளில் பழகும் என்பதற்கு ஒரு கணக்கு சொல்வார்கள். ஸ்வெர்ரே லிஸ்கார்ட் என்ற நார்வே சமூகவியலாளர் 1955-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவில் தங்கிய நார்வேக்காரர்களில் 6 முதல் 18 மாதம் வரை இருந்தவர்களே அதிகம் தடுமாறினார்கள். அதற்குக் குறைவாகவோ கூடுதலாகவோ இருந்தவர்கள் அவர்களைவிடத் தேவலை. முதலில் நன்றாக இருந்து, நடுவில் சரிந்து, பிறகு மேலேறும் இதைத்தான் ‘யூ’ வடிவ வளைகோடு என்பார்கள். பின்னால் வந்த ஆய்வுகள் சிலவற்றில் ஆரம்ப மாதங்களே மிகக் கடினமானவையாக இருந்தன. ஆகவே காலண்டரைப் பார்த்துக் கவலைப்படவும் வேண்டாம், தெம்பாகவும் இருக்க வேண்டாம். நாள் முழுக்க வேற்று மொழியில் பேசிக் களைத்த தலைக்குச் சாயங்காலத்தில் எல்லோருமே விரோதிகள். ஊருக்கே திரும்பிவிடலாமா என்ற கேள்வியை நான் காலை வேளைக்குத் தள்ளிவைத்துவிடுவேன்.

இதையெல்லாம் சொல்வதால் எதையும் பொறுத்துப்போக வேண்டும் என்று ஆகிவிடாது. ஒரு மேலாளர் மீட்டிங்கில் நான் வாயைத் திறந்தாலே குறுக்கே பேசுவார். இங்கே இப்படித்தான் போலிருக்கிறது என்று விட்டுவிடலாம்தான். அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்த சக ஊழியர் ஒருவரிடம் கேட்டேன், இது உங்களுக்கும் நடக்குமா என்று. “இல்லை, இங்கேயும் இது மரியாதைக் குறைவுதான். அடுத்த தடவை நீங்கள் நிறுத்தாமல் பேசுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். அடுத்த மீட்டிங்கில் மேலாளர் குறுக்கிட்டதும், “அவர் இன்னும் முடிக்கவில்லை” என்று இவர் குரல் கொடுத்தார். நான் முடித்தேன்.