அந்த ஃபைலை மட்டும் மாத்திடுங்க

"டிஓஐ அப்படியே இருக்கட்டும். உள்ளே இருக்கிற ஃபைலை மட்டும் மாத்திடுங்க, போதும்." மழைமானித் தரவை எங்கள் ஆய்வுத் தரவுக் களஞ்சியத்தில் பதிவேற்றியிருந்த மூத்த ஆய்வாளர் போனில் கேட்டது இவ்வளவுதான். டிஓஐ என்றால் ஒரு தரவை மேற்கோள் காட்டுவதற்கு அதற்கென்று கொடுக்கும் நிலையான எண். நான் மறுத்தேன். இன்று வேறொருவர் அதையே கேட்டாலும் பெரும்பாலும் மறுக்கத்தான் செய்வேன். ஆனாலும் அந்தப் பேச்சு மனதை விட்டுப் போகவில்லை.

பிழை என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன். அது வாளி சாயும் வகை மழைமானி. உள்ளே இருக்கும் சின்ன வாளி நிறைந்து சாயும்போதெல்லாம் ஒரு துடிப்பு பதிவாகும், ஒரு சாய்வுக்கு இவ்வளவு மில்லிமீட்டர் என்று பெருக்கினால் மழையளவு வந்துவிடும். சில நிலையங்களில் இருந்தவை 0.25 மி.மீ. கருவிகள், கணக்குப் போட்ட ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் 0.2 ஆல் பெருக்கிவிட்டது. ஆக அந்த நிலையங்களில் பெய்த ஒவ்வொரு மழையும் 20 சதவீதம் குறைவாகவே ஏறியிருக்கிறது. வரைபடம் போட்டுப் பார்த்தாலும் பிடிபடாது, ஏற்ற இறக்கமெல்லாம் ஒழுங்காகவே தெரியும். அவரே கண்டுபிடித்து, அவரே எங்களிடம் சொன்னார். சொல்லாமல் விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது.

நான் சொன்ன பதில் இதுதான்: இந்த டிஓஐயை ஏற்கெனவே கட்டுரைகளில் மேற்கோள் காட்டிவிட்டார்கள் மேடம், அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு வருகிறவருக்கு அந்தக் கட்டுரையாளர் பயன்படுத்திய அதே கோப்பு கிடைத்தாக வேண்டும், திருத்தியதைப் புதிய பதிப்பாக வேறு டிஓஐயில் போட்டு இரண்டையும் இணைத்துவிடுகிறேன். அவர் கேட்டார்: "தப்புன்னு எனக்கே தெரிஞ்ச டேட்டா என் பேர்ல அங்கேயே கிடக்கணுமா?"

இதற்கு நான் விதியைச் சொன்னேன். விதி சரியான விதிதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. டிஓஐ என்பது கோப்பைப் பூட்டி வைக்கும் ஏற்பாடு இல்லை. எண்ணுக்கு எதிரே ஓர் இணைய முகவரி, அதோடு தலைப்பு, உருவாக்கியவர், வெளியிட்டவர், ஆண்டு என்று கொஞ்சம் மீத்தரவு. சர்வர் மாறினால் முகவரியைப் புதுப்பித்துக்கொள்ளலாம், எண் மாறாது, அவ்வளவுதான். அந்த முகவரிக்குப் பின்னால் எந்தக் கோப்பு இருக்கிறது என்று எண்ணைப் பதிவு செய்து தரும் டேட்டாசைட் கண்காணிப்பதில்லை. நான் நினைத்திருந்தால் அன்றே கோப்பை மாற்றியிருக்கலாம், எங்கேயும் ஒரு எச்சரிக்கைகூட வந்திருக்காது. எண் நிலைத்து நிற்கும், ஆனால் எண்ணுக்குப் பின்னால் இருப்பது நிலைப்பது எங்களைப் போன்றவர்கள் கையில்தான் இருக்கிறது. அதனால்தான் நான் இவ்வளவு பிடிவாதமாக இருந்தேன். 2014-ல் ஃபோர்ஸ் லெவன் அமைப்பு வெளியிட்ட தரவு மேற்கோள் கொள்கைகளும் இதைத்தான் கேட்கின்றன: பின்னால் எடுக்கப்படும் தரவு முன்பு மேற்கோள் காட்டப்பட்ட அதே தரவுதானா என்று சரிபார்க்க வழியிருக்க வேண்டும்.

பதிவான பத்திரத்தில் பிழை இருந்தால் யாரும் அதைச் சுரண்டி எழுதுவதில்லை, பிழைதிருத்தல் பத்திரம் ஒன்றைத் தனியாகப் பதிவு செய்து பழையதோடு சேர்த்து வைப்பார்கள். அன்று இதையே உதாரணமாகச் சொன்னேன், அவரும் ஒப்புக்கொண்ட மாதிரிதான் இருந்தது. இப்போது யோசித்தால் அந்த உதாரணம் பாதிவரைதான் வருகிறது. பத்திரத்தை யாராவது ஒருவர் உட்கார்ந்து வாசிப்பார், தரவை வாசிப்பது பெரும்பாலும் ஸ்கிரிப்ட்.

அவர் இரண்டாவதாகக் கேட்டதுதான் என்னை இன்னும் உறுத்துகிறது. சரி, எண் இருக்கட்டும், பழைய கோப்பை யாரும் இறக்க முடியாதபடி எடுத்துவிடுங்கள் என்றார். இது முறையற்ற கேட்பு இல்லை. கோப்பை எடுத்துவிட்டு, இன்ன காரணத்தால் நீக்கப்பட்டது என்ற அறிவிப்பை மட்டும் அந்தப் பக்கத்தில் வைக்கும் வழக்கம் உண்டு. தரவு போனாலும் மீத்தரவு நிற்க வேண்டும் என்று, ஆய்வுத் தரவை மற்றவர்கள் தேடி எடுத்து மறுபடி பயன்படுத்த வசதியாக வைப்பதற்கான 2016-ன் ஃபேர் கொள்கைகளே சொல்கின்றன, அதாவது தரவு போகலாம் என்பதும் அதில் அடங்கியிருக்கிறது. நான் அதற்கும் இணங்கவில்லை. பழைய கட்டுரைகளின் முடிவைச் சரிபார்க்க வருகிறவருக்கு அந்தத் தவறான கோப்புதான் தேவை, அது இல்லாவிட்டால் எண்கள் ஏன் ஒத்துவரவில்லை என்பது அவருக்குப் புரியவே புரியாது. ஆகவே பழைய பதிப்பு திறந்தே இருந்தது. மேலே பெரிய எழுத்தில் எச்சரிக்கை போட்டேன், மீத்தரவில் புதிய பதிப்புக்கு இணைப்பு கொடுத்தேன், கோப்பு மாறியிருந்தால் காட்டிக்கொடுக்கும் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணையும் இரண்டு கோப்புகளுக்கும் பக்கத்திலேயே வைத்தேன்.

பிறகு ஒரு கட்டுரை வந்தது. புதிய பதிப்பு வெளியாகி நெடுநாள் கழித்து வந்த கட்டுரை, மேற்கோளில் பழைய டிஓஐ. யாரோ முன்பே எழுதிவைத்த ஸ்கிரிப்டில் கோப்பின் நேரடி லிங்க் இருந்திருக்கலாம், அப்படியென்றால் நான் போட்ட எச்சரிக்கை அவர்கள் கண்ணில் படவே வாய்ப்பில்லை. மேடம் அந்தக் கட்டுரையின் லிங்கை மட்டும் எனக்கு அனுப்பினார், கூட ஒரு வரிகூட எழுதவில்லை.

இதை நான் இரண்டு விதமாகவும் நினைத்துப் பார்த்துவிட்டேன். எண்கள் தனித்தனியாக இருந்ததால்தான் அவர்கள் எந்தக் கோப்பைப் பயன்படுத்தினார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது, ஆசிரியர்களுக்கு எழுதி எந்த நிலையங்களை மறுபடி கணக்கிட வேண்டும் என்றும் காட்ட முடிந்தது. அதே எண்ணில் கோப்பை மாற்றியிருந்தால், எந்தக் கட்டுரை எதை வைத்து எழுதப்பட்டது என்று இனி யாராலும் பிரித்தறிய முடியாது. இதைச் சொல்லும்போது எனக்கே தெம்பாக இருக்கிறது. ஆனால் அவர் கேட்டபடி பழைய கோப்பை எடுத்திருந்தால் அந்த ஸ்கிரிப்ட் அன்றே உடைந்து நின்றிருக்கும், அவர்களும் என்ன ஆயிற்று என்று பக்கத்துக்கு வந்து பார்த்திருப்பார்கள். தப்பு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க வசதியாக வைத்திருந்தேன், தப்பு நடக்காமல் தடுக்கும் வழி அவர் கையில் இருந்தது.

மேற்கோள்கள் இரண்டு எண்களுக்கும் பிரிந்துபோன வருத்தமும் அவருக்கு உண்டு. ஸெனோடோ என்ற பொதுத் தரவுக் களஞ்சியத்தில் 2017-லிருந்து ஒவ்வொரு பதிப்புக்கும் ஓர் எண், எல்லாப் பதிப்புக்கும் பொதுவாக ஓர் எண் என்று தருகிறார்கள், பொது எண் எப்போதும் கடைசிப் பதிப்புக்கே கொண்டுபோகும். எங்கள் களஞ்சியத்தில் அப்போது அந்த வசதி இல்லை. இருந்திருந்தாலும் மேற்கோள் காட்டுகிறவர் எந்த எண்ணை எடுப்பார் என்பது நம் கையில் இல்லை.

இப்போது களஞ்சிய விதிகளைத் திருத்தும் வேலையில் நானும் இருக்கிறேன். முடிவுகளைப் பாதிக்கும் பிழை என்றால் பழைய கோப்பை நேரடியாக இறக்க விடாமல், கேட்பவருக்கு மட்டும் தரலாம் என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். முடிவுகளைப் பாதிக்குமா இல்லையா என்பதை யார் சொல்வது, தரவைத் தந்தவரா நாமா என்று கூட வேலை பார்ப்பவர் கேட்டார். தந்தவர் என்று எழுதினேன், அப்புறம் தனக்குப் பிடிக்காத கட்டுரையைச் சரிபார்க்க விடாமல் செய்ய ஒருவர் இதையே பயன்படுத்தலாமே என்று தோன்றி அடித்துவிட்டேன். அந்த இடத்தை இன்னும் நிரப்பவில்லை.