பழைய லூகர் வாங்கும் முன்

ஜெர்மன் ராணுவம் பயன்படுத்திய கைத்துப்பாக்கியான லூகர் பி08 விற்பனைக்கு வந்தால் பலரும் முதலில் விலையைத்தான் கேட்கிறார்கள், நான் எண்களைக் கேட்பேன். மேகசினை (தோட்டாக்கள் அடுக்கும் பெட்டி) கழற்றி, குழலின் பின்முனையில் தோட்டா உட்காரும் அறையில் எதுவும் இல்லை என்று பார்த்துவிடுங்கள், அப்புறம் அறையின் மேல் பொறித்த ஆண்டு, டாகிளில் (மேலே முழங்கால் போல மடங்கும் பாகம்) உள்ள தயாரிப்பாளர் முத்திரை இரண்டையும் பாருங்கள்: டி.டபிள்யூ.எம். நிறுவனம் என்றால் பின்னிய எழுத்துகள், எர்ஃபுர்ட் ஆயுத ஆலை என்றால் கிரீடம், பிற்கால மவுசர் நிறுவனம் என்றால் எஸ்/42, பி.ஒய்.எஃப். மாதிரி ரகசியக் குறியீடு. ராணுவத் துப்பாக்கிகளில் ஒரே வரிசை எண் திரும்பத் திரும்ப வரும், பெரும்பாலும் கூடவே ஒரு சிறிய எழுத்து இருக்கும், அதையும் ஆண்டையும் சேர்க்காமல் வெறும் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது.

விலையைத் தூக்குவது எண்கள் ஒத்துப்போவதுதான். துப்பாக்கியின் உடற்சட்டம், குழல் மட்டுமல்ல, சின்ன பாகங்களிலும் கடைசி இரண்டு இலக்கம் இருக்கும், அத்தனையையும் பாருங்கள். மேகசினும் பொருந்தினால் யோகம்தான்.

பளபளப்பைப் பார்த்து மயங்க வேண்டாம். முத்திரைகளின் விளிம்பு மழுங்கியிருந்தால் யாரோ தேய்த்துப் புதிதாக நீலப்பூச்சு ஏற்றியிருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் தேய்ந்த அசல் பூச்சுக்குத்தான் அதிகம் கொடுப்பார்கள். விற்பவர் சொல்லும் போர்முனைக் கதைக்கு, ஆவணம் இல்லாவிட்டால், தனியாகக் காசு கிடையாது. கேட்கும் விலையை விட்டுவிட்டு, ஏலத்தில் நிஜமாக விற்ற விலையைப் பாருங்கள். உரிமம் சரியாக இருக்கிறதா என்பதைப் பணம் கொடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.