நோட்டுப் புத்தகத்தில் தொடங்கிய பிளாக்செயின் பாடம்

2023-ஆம் ஆண்டு தைப்பூசக் காவடி முடிந்து, கோவிலின் வரவு செலவுக் கணக்கை நான் சரிபார்த்துக்கொண்டிருந்த வாரத்தில், இங்கே மொரீசியஸில், குவாத்ர் போர்ன்ஸில் வசிக்கும் என் தங்கை 40,000 ரூபாயை இழந்துவிட்டாள் என்ற செய்தி வந்தது. வாட்ஸ்அப் வழியாக அறிமுகமான சிலர், பணத்தைப் பிட்காயின் என்னும் இணைய நாணயமாக மாற்றி ஒரு முகவரிக்கு அனுப்பினால் நாள்தோறும் இலாபம் சேரும் என்று அவளை நம்பவைத்திருந்தார்கள். அவர்கள் கொடுத்த செயலியில் தொகை ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டே இருந்தது. எடுக்க முயன்ற அன்று, முதலில் வரி கட்ட வேண்டும் என்று மேலும் பணம் கேட்டார்கள். அவள் அழுதுகொண்டே என்னிடம் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, என் பணம் இப்போது எங்கே இருக்கிறது?" அதற்கு என்னால் பதில் சொல்ல முடியவில்லை. முப்பது ஆண்டுகள் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பின் கோவில் பொருளாளராக இருக்கும் எனக்கு, ஒரு கணக்குக் கேள்விக்கு விடை தெரியாமல் நிற்பது மிகவும் வேதனையாக இருந்தது. அந்த விடைக்காகத்தான் கற்கத் தொடங்கினேன்.

எபேனில் கணினித் துறையில் வேலை செய்யும் என் அக்கா மகனை அணுகினேன். பிட்காயினின் விலை ஏன் ஏறி இறங்குகிறது என்று நான் கேட்டபோது, அவன் அந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டான். வீட்டில் நாங்கள் பேசுவது கிரியோல்தான். அவன் சொன்னதைத் தமிழில் தருகிறேன். "விலையைப் பிறகு பார்க்கலாம், மாமா. கோவில் கணக்கை நீங்கள் எப்படி எழுதுகிறீர்கள், அதை யாராவது திருத்தினால் எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று முதலில் சொல்லுங்கள்." நான் தலைவர், செயலாளர், தணிக்கையாளர் என்று வரிசையாகச் சொன்னேன். அவர்களில் ஒருவரும் இல்லாவிட்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டான். என் கல்வி உண்மையில் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

அவன் யோசனைப்படி நான், என் மனைவி, அக்கா, அவன் ஆகிய நால்வரும் ஆளுக்கொரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொண்டு, எங்களுக்குள் நடக்கும் கற்பனைக் கொடுக்கல் வாங்கலை நான்கிலும் ஒன்றுபோல எழுதினோம். ஒரு பக்கம் நிறைந்ததும் அதன் தொகைகளைக் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை அடுத்த பக்கத்தின் முதல் வரியில் எழுத வேண்டும். பழைய பக்கத்தில் ஓர் எண்ணை மாற்றினால், அடுத்த பக்கத்தின் முதல் வரி பொருந்தாமல் போகும். அதைத் திருத்தினால் அதற்கடுத்த பக்கம் பொருந்தாது. ஒரு பக்கம் ஒரு பிளாக், பக்கங்களைக் கோக்கும் அந்த முதல் வரியே சங்கிலி என்பது அப்போது விளங்கியது. ஆனால் மூன்றாம் வாரம் அவன் என் நோட்டை வாங்கி, 300 ரூபாய் பெற்றவருக்கு 500 என்றும் 500 பெற்றவருக்கு 300 என்றும் மாற்றி எழுதிக் கொடுத்தான். கூட்டுத்தொகை மாறவே இல்லை. எங்கள் பூட்டை ஒரு சிறுவன்கூடத் திறக்கலாம் என்று தெரிந்தது.

இந்தக் குறையை நீக்குவதற்கே ஹாஷ் என்னும் கணிப்பு முறை இருக்கிறது. எவ்வளவு நீளமான எழுத்தைக் கொடுத்தாலும், பிட்காயினில் பயன்படும் எஸ்எச்ஏ-256 என்ற முறை அதை 64 குறிகள் கொண்ட ஒரே நீளமுள்ள கைரேகையாகச் சுருக்கித் தருகிறது. அதிலிருந்து மூல எழுத்துக்குத் திரும்பிச் செல்ல வழியில்லை; எண்களை இடம் மாற்றினாலும் கைரேகை முற்றிலும் வேறாகிவிடும். நான் "கொடையாகப் பெற்ற தொகை" என்று தட்டச்சு செய்து பார்த்தேன். ஒரு புள்ளியை நீக்கியதும் விடை அடையாளமே தெரியாதபடி மாறியது. அதன்பின் என்னைப் பெரிதும் குழப்பிய ஒன்று நடந்தது. அதே சொற்களைப் பழைய கணினியில் இருந்த கோப்பிலிருந்து எடுத்துப் போட்டபோது, கண்ணுக்கு எந்த வேறுபாடும் இல்லாதிருந்தும் கைரேகை வேறாக வந்தது. இரண்டு நாள் எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்தும் பிழை தென்படவில்லை. காரணம் "கொ" என்ற எழுத்தில் இருந்தது. கணினியில் எழுத்துகளைக் குறிக்கும் பொதுத் தரமான யூனிகோடில் அதன் உயிர்க்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என இரண்டு குறிகளாகவும் எழுதலாம்; திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும், கணினிக்கு அவை வேறு வேறு. தமிழ் கற்பித்த என் கண் பார்க்கத் தவறியதை அந்தக் கணிப்பு பார்த்துவிட்டது. ஹாஷ் என்றால் என்ன என்பதை யாரும் எனக்கு இதைவிடத் தெளிவாக விளக்கியதில்லை.

அடுத்த பக்கத்தை யார் எழுதுவது என்பது அதைவிடக் கடினமான கேள்வி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்காவும் என் மனைவியும் தனித்தனியாக ஆறாம் பக்கத்தை எழுதிவிட்டார்கள்; இரண்டும் முறைப்படி சரியாக இருந்தன, ஆனால் ஒரே 200 ரூபாய் இரண்டிலும் இரண்டு பேருக்குப் போயிருந்தது. சத்தோஷி நகமோட்டோ என்ற பெயரில் 2008 அக்டோபர் 31 அன்று வெளியான, பிட்காயினை முன்வைத்த ஒன்பது பக்கக் கட்டுரை தீர்க்க முனைந்தது இந்தச் சிக்கலைத்தான் என்பது அதன்பின்தான் புரிந்தது. பக்கம் எழுத விரும்புபவர், அந்தப் பக்கத்தோடு ஓர் எண்ணைச் சேர்த்து, அதன் ஹாஷ் குறிப்பிட்ட அளவு சுழியங்களோடு தொடங்கும்வரை முயன்றுகொண்டே இருக்க வேண்டும். நான் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்து முயன்றேன். கைரேகையின் ஒவ்வொரு குறியும் பதினாறு வகைகளில் ஒன்றாக இருக்கும் என்பதால், ஒரு சுழியத்தில் தொடங்க சராசரியாக 16 முயற்சிகள் வேண்டும், இரண்டுக்கு 256. இரண்டு சுழியங்களைப் பெற எனக்கு ஒரு மாலை முழுவதும் தேவைப்பட்டது. பிட்காயினில் இன்று பதினெட்டுக்கும் அதிகமான சுழியங்கள் தேவைப்படுகின்றன. உலகெங்கும் உள்ள இயந்திரங்கள் மின்சாரத்தைச் செலவிட்டு ஏறத்தாழ பத்து நிமிடத்துக்கு ஒரு பக்கத்தை எழுதுகின்றன. பக்கங்கள் இரண்டாகப் பிரிந்தால், அதிக உழைப்பு சேர்ந்த சங்கிலியையே அனைவரும் ஏற்கிறார்கள். அந்த உழைப்புக்குக் கிடைக்கும் புது நாணயங்கள் 210,000 பக்கங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதால் மொத்தம் 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டாது. இவ்வளவு மின்சாரம் தேவையா என்ற கேள்வி எனக்கு இன்னும் இருக்கிறது. எத்தீரியம் என்னும் மற்றொரு பிளாக்செயின் 2022 செப்டம்பரில் இந்த முறையையே கைவிட்டு, நாணயங்களைப் பிணையாக வைப்பவர்கள் பக்கம் எழுதும் முறைக்கு மாறியது.

இதைப் படிக்கும்போதெல்லாம் 1998-இல் நம் நாட்டில் நடந்ததை நினைத்துக்கொள்வேன். புதிய ரூபாய் நோட்டுகளில் தமிழுக்கு முன்பாக இந்தி அச்சாகியிருந்ததை நம் மக்கள் எதிர்த்தபோது, மொரீசியஸ் வங்கி அந்த நோட்டுகளைத் திரும்பப் பெற்றது. அங்கே முறையிடுவதற்கு ஓர் அலுவலகம் இருந்தது, தவற்றைத் திருத்தும் அதிகாரமும் அதற்கு இருந்தது. பிட்காயினில் அப்படி ஒரு கதவு இல்லை. அதைச் சிலர் சுதந்திரம் என்று போற்றுகிறார்கள். என் தங்கையைப் போன்றவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும் என்று கருதுகிறேன்.

வாலட் எனப்படும், நாணயத்தைக் கையாளும் செயலியைப் பழகுவதற்கு, மதிப்பே இல்லாத நாணயங்கள் புழங்கும் சோதனை வலையமைப்பைத் தேர்ந்தெடுத்தேன். புதிதாகக் கற்பவர் அனைவரும் அங்கேதான் தொடங்க வேண்டும் என்று வற்புறுத்துவேன். வாலட்டில் நாணயம் எதுவும் இருப்பதில்லை, ஏட்டில் உள்ளதைச் செலவிடும் சாவி மட்டுமே இருக்கிறது என்பதும், அந்தச் சாவி 2048 சொற்கள் கொண்ட பட்டியலிலிருந்து எடுத்த 12 சொற்களாகத் தரப்படுகிறது என்பதும் அங்கே தெரிந்தன. பிரெஞ்சுக்கும் ஜப்பானியத்துக்கும் அப்படிப் பட்டியல் இருக்கிறது, தமிழுக்கு இல்லை. ஆங்கிலச் சொற்களைத் தாளில் எழுதி, அதை வேறொரு தாளில் படியெடுத்துவிட்டு முதல் தாளைக் கிழித்தேன். செயலியை நீக்கி மீண்டும் நிறுவியபோது சொற்கள் செல்லாதவை என்று வந்தது. படியெடுக்கையில் எங்கோ இரண்டு சொற்கள் இடம் மாறியிருக்க வேண்டும் என்று ஊகித்து, அடுத்தடுத்த சொற்களை ஒவ்வொரு இணையாக மாற்றிப் பார்த்தேன். ஏழாவது இணையில் திறந்தது. உண்மையான பணமாக இருந்திருந்தால் அன்றிரவு என் நிலை என்னவாகியிருக்கும் என்று நினைக்கவே அச்சமாக இருந்தது.

இவ்வளவையும் கற்றபின்தான் தங்கையின் கேள்விக்குத் திரும்பினேன். அவள் கைப்பேசியில் எஞ்சியிருந்த பரிமாற்ற எண்ணை, யாரும் பார்க்கக்கூடிய பிட்காயினின் பொது ஏட்டில் தேடியபோது அது அங்கேயே இருந்தது: எந்த நாள், எந்த மணி, எந்த முகவரி. அவள் அனுப்பிய தொகை சில மணி நேரத்துக்குள் வேறு முகவரிகளுக்குப் பிரிந்து போயிருந்தது. செயலியில் ஏறிக்கொண்டே இருந்த இலாபத்துக்கு ஏட்டில் ஒரு வரிகூட இல்லை. பதிவு மாறாது என்று அந்தத் தொழில்நுட்பம் தரும் உறுதியை நான் கண்ணால் பார்த்தேன். பதிவுக்குப் பின்னால் இருப்பவர் நல்லவரா என்பதைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. இங்கே 2022 பிப்ரவரி 7 முதல், பிட்காயின் போன்ற மெய்நிகர் சொத்துகளின் சேவைகளுக்கான சட்டம் நடைமுறையில் இருக்கிறது, அவற்றை நடத்துவோர் நிதிச் சேவைகள் ஆணையத்தின் உரிமம் பெற்றிருக்க வேண்டும். உரிமம் இருக்கிறதா என்று அவள் முன்பே கேட்டிருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்திருக்கும். முகவரிகளையும் பரிமாற்ற எண்ணையும் எழுதிக் காவல்துறையிடம் கொடுத்திருக்கிறோம், பணம் திரும்பவில்லை.

இப்போது ஞாயிறுதோறும் அவள் ரோஸ் ஹில்லுக்கு வந்து என்னோடு உட்கார்ந்து படிக்கிறாள், ஒரு புது நோட்டுப் புத்தகத்தோடு. நான் எதையும் முந்திச் சொல்வதில்லை. போன வாரம் மூன்றாம் பக்கத்தைக் கூட்டி முடித்தவள் சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "அண்ணா, இந்த இரண்டு தொகைகளை மாற்றி எழுதினாலும் கூட்டல் இதேதானே வரும்?" என்று கேட்டாள்.