உட்கரு இல்லாமல் 120 நாள்

கோலாலம்பூரில் டிங்கி பரவும் மாதங்களில் எங்கள் லேப் வாசலில் எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான்: "அண்ணே, பிளேட்லெட் எவ்ளோ?" பிளேட்லெட் என்பது ரத்தம் உறைய உதவும் துணுக்கு, டிங்கியில் குறைந்துபோகும். நம்பரை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நாங்கள் சொல்லக் கூடாது. தெரிந்தும் கேட்பார்கள். மகனை வார்டில் விட்டுவிட்டு வந்த ஒரு பெரியவர் மட்டும் வேறு மாதிரி கேட்டார். "குறைஞ்சு போச்சுன்னு சொல்றாங்க தம்பி. இருக்கிறது பெருகாதா? ஒன்னு ரெண்டாகாதா?"

ஆகாது. பிளேட்லெட்டுக்கு உட்கரு, அதாவது டிஎன்ஏவை வைத்திருக்கும் பை, கிடையாது. அது இல்லாமல் பிரிந்து பெருக முடியாது. எலும்பு மஜ்ஜைக்குள் மெகாகேரியோசைட் என்று ஒரு பூதம் உட்கார்ந்திருக்கிறது. அது இரண்டாகப் பிரியாமலே டிஎன்ஏவை மட்டும் திரும்பத் திரும்ப இரட்டிக்கும். சாதாரண செல்லில் 2 செட் குரோமோசோம் என்றால் இதில் 16, 32 என்று போகும். அப்படிக் கொழுத்த பிறகு தன் உடம்பைத் துணுக்குத் துணுக்காகப் பிய்த்து ரத்தத்தில் விடுகிறது. அந்தத் துணுக்குதான் பிளேட்லெட். 7 முதல் 10 நாள் ஓடும், முடிந்தது. பெரியவரிடம் இவ்வளவும் சொல்லவில்லை. "உள்ளேருந்து புதுசா வரணும்யா, வரும்" என்றேன்.

ரத்த லேப்பில் எனக்கு 23 வருஷம். லீஷ்மன் சாயத்தில் கத்தரிப்பூ நிறமாகத் தெரியும் உட்கருவைத்தான் நாள் முழுக்கப் பார்க்கிறேன். அதன் வடிவம், அளவு, எத்தனை மடல் என்று பார்த்துத்தான் இது இன்ன செல் என்று எழுதுகிறோம். ஆனால் ஸ்லைடில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் இருப்பது உட்கரு இல்லாத சிவப்பணு.

அதுவும் பிறக்கும்போது அப்படி இல்லை. மஜ்ஜையில் வளரும்போது உட்கரு இருக்கும். ஹீமோகுளோபின் சேரச் சேர உட்கரு கடுகு மாதிரி சுருங்கி, கடைசியில் வெளியே தள்ளப்படும். பக்கத்திலேயே காத்திருக்கும் மேக்ரோபேஜ் என்ற துப்புரவு செல் அதை விழுங்கிவிடும். அப்புறம் அந்தச் செல்லுக்குப் பிரிவு இல்லை, சில நாளில் பழுது பார்க்கப் புதுப் புரதமும் நின்றுபோகும். 120 நாள் நுண்குழாய்களில் நசுங்கி நசுங்கி ஓடி, சவ்வு விறைத்து மண்ணீரலில் மாட்டிக்கொள்ளும்.

சில சமயம் உட்கருவோடேயே ரத்தத்துக்கு வந்துவிடும். அங்கேதான் நான் ஒரு தடவை சறுக்கினேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருஷம், பிறந்து ஒரு நாள்கூட ஆகாத ஒரு குழந்தையின் ரத்தம் வந்தது. மெஷின் வெள்ளையணு 24,000 என்று காட்டியது. அப்போது எங்களிடம் இருந்த பழைய மெஷினுக்கு உட்கரு இருந்தால் எல்லாம் வெள்ளையணுதான். நான் ஸ்மியரை, அதாவது ஸ்லைடில் தேய்த்த ரத்தத்தை, பார்க்காமல் ரிப்போர்ட்டை எழுதிவிட்டேன். கையெழுத்துப் போட வந்த சீனியர் அக்கா ஸ்லைடை வைத்து, 100 வெள்ளையணுவுக்கு 60 உட்கருச் சிவப்பணு என்று எண்ணிக் காட்டினார். 24,000-ஐ 100-ஆல் பெருக்கி 160-ஆல் வகுத்தால் 15,000. "பச்சப்புள்ளைக்குக் கிருமி ஏறிருச்சின்னு மருந்து ஏத்தியிருப்பாங்கடா" என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பயிற்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்லும் கதை ஒன்று உண்டு, ரத்தத்துக்குச் சம்பந்தமே இல்லாதது. 1930களில் ஜெர்மானியர் ஹாமர்லிங் அசிட்டாபுலேரியா என்ற கடற்பாசியை வெட்டி வெட்டிப் பார்த்தார். சில சென்டிமீட்டர் உயரம், ஆனால் முழுதும் ஒரே செல். மேலே குடை, நடுவில் தண்டு, உட்கரு அடிவேரில். குடையை வெட்டினால் மறுபடி முளைக்கும். வேரையும் வெட்டி எடுத்துவிட்டால்? அந்த மொட்டைத் தண்டும் ஒரு குடை விட்டது! அதையும் வெட்டினால் அப்புறம் ஒன்றும் வரவில்லை. உட்கரு உள்ள அடித்துண்டோ முழுப் பாசியாகவே எழுந்து நின்றது. இதழ் மாதிரி பிரிந்த குடை உள்ள இனத்தின் தண்டை, வட்டக் குடை உள்ள இனத்தின் வேரில் ஒட்டவைத்தார். முதலில் வந்த குடை சில சமயம் இரண்டுங்கெட்டானாக இருந்தது. வெட்டிவிட்டு அடுத்ததைப் பார்த்தால் வட்டக் குடை. உட்கரு யாருடையதோ குடையும் அவருடையது.

மொட்டைத் தண்டு எப்படிக் குடை விட்டது? உட்கரு ஏற்கெனவே எழுதி அனுப்பிய ஆர்டர் கையிருப்பில் இருந்தது. அந்த ஆர்டர்தான் தூது ஆர்என்ஏ. அதை அடையாளம் கண்டது 1961-இல்தான்.

"அண்ணே, அப்ப ரெட்டிகுலோசைட்டும் அதே கேஸ்தானே?" என்று ஒரு பெண் டக்கென்று பிடித்தாள். அதேதான். உட்கருவைத் துப்பிய புதுச் சிவப்பணுவில் மீதி ஆர்என்ஏ கொஞ்ச நாள் இருக்கும். அதை வைத்துக்கொண்டு ஹீமோகுளோபினை இன்னும் கொஞ்சம் செய்யும். ரத்தமும் நியூ மெதிலின் புளூ சாயமும் துளித்துளியாகக் கலந்து 37 டிகிரியில் கால் மணி நேரம் வைத்தால், அந்த ஆர்என்ஏ நீல வலையாகத் திரளும். சுகமான ஆளுக்கு 100 சிவப்பணுவில் ஒன்றோ இரண்டோ தெரியும்.

போன வருஷம் செந்தூலில் இருக்கும் என் அத்தையின் ரத்தம் என் பெஞ்சுக்கே வந்தது. மாமா போன பிறகு சுத்த சைவம். முட்டை கிடையாது. சளி பிடிக்கும் என்று பாலும் தயிரும் கிடையாது, மூன்று வேளையும் கோப்பி ஓ. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, நாக்கு எரிகிறது என்று கிளினிக் போயிருக்கிறார். ஹீமோகுளோபின் 6.8. சிவப்பணுவின் சராசரிப் பருமன் 121. 100-ஐத் தாண்டக் கூடாது. ஸ்லைடில் முட்டை வடிவத்தில் பெரிய பெரிய சிவப்பணுக்கள். நடுவில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு ஒன்று, உட்கருவில் ஆறு மடல். இரண்டு முறை எண்ணினேன். மூன்று, நான்கு இருக்க வேண்டிய இடம்.

முட்டை, பால், இறைச்சியில் கிடைக்கும் வைட்டமின் பி12 இல்லாவிட்டால் உட்கருவால் தன் டிஎன்ஏவைப் படியெடுத்து முடிக்க முடியாது. சுற்றியுள்ள உடம்போ ஆர்என்ஏவை வைத்துக்கொண்டு வளர்ந்துகொண்டே போகும். பிரிய வேண்டிய நேரத்தில் பிரியாமல் செல் ஊதிப்போகும், பாதிக்கு மேல் மஜ்ஜைக்குள்ளேயே செத்துவிடும். சாப்பாடு போதாமல் ஒரு செல் சிறுத்துப்போனால் நமக்குப் புரியும். பெருத்துப்போவதுதான் புதிது.

டாக்டர் பி12 ஊசி ஆரம்பித்தார். ஏழாம் நாள் ரத்தம் வந்ததும் ரெட்டிகுலோசைட் ஸ்லைடை நானே போட்டேன். எண்ணும் கருவியைத் தட்டத் தட்ட நீல வலை மேல் நீல வலை. 100-க்கு 18. ஒவ்வொன்றும் சில நாளுக்கு முன் ஓர் உட்கருவைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்தது.

சாயங்காலம் அத்தைக்கு போன் அடித்தேன்.

"ரத்தம் நல்லா ஊறுது அத்தை. இனிமேலாவது கோப்பியில கொஞ்சம் பால் ஊத்திக்குங்க."

"சளி பிடிச்சா நீயா வந்து பார்ப்ப?" என்று கேட்டார்.