நாலும் ஒரே பக்கம்

"அண்ணா, நாலுமே ஒரே அளவு குறையுதே?"

என் ஜூனியர் கேட்டது இவ்வளவுதான். புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுக்கும் மெஷினின் அளவைச் சரிபார்ப்பது எங்கள் வேலை. மெஷினை இயக்கும் டெக்னாலஜிஸ்ட்டுகள் இருந்தால் என்னை 'சார்' என்பான். கன்சோலில் நாங்கள் இருவர் மட்டும் என்றால் 'அண்ணா'. இரவு ஏழரை தாண்டியிருந்தது. மெஷின் தரும் எலக்ட்ரான் கதிரின் அளவைப் பார்க்கும் மாதாந்திர அவுட்புட் சோதனை அப்போதுதான் முடிந்திருந்தது. 6, 9, 12, 15 எம்இவி என்ற நான்கு எனர்ஜிகளிலும் டோஸ் (கதிர்வீச்சு அளவு) 1.5 முதல் 1.7 சதவீதம் வரை குறைவு.

"ரெண்டுக்குள்ளதானே இருக்கு, கையெழுத்துப் போடு" என்றேன். போட்டான்.

தப்பாகச் சொல்லிவிட்டேனா? மாதச் சோதனையில் 2 சதவீதம் வரை ஏற்கலாம். அதற்குள் இருந்தால் மெஷினில் கை வைக்காமல் இருப்பதே நல்லது. அரை சதவீதத்துக்கெல்லாம் அவுட்புட்டைத் திருத்துபவர்களைக் கண்டால் எனக்குப் பயம். காலை எட்டு மணிக்கு முதல் நோயாளி. கதிரை அளக்கும் சேம்பரை எடுத்து, தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்து, அறையை ஒப்படைக்க வேண்டும். இதையெல்லாம் எனக்கு நானே பல தடவை சொல்லிக்கொண்டாயிற்று.

ஆனால் அவன் கேட்டது அளவைப் பற்றியே இல்லை. நான்கும் கைகோத்துக்கொண்டு இறங்கியதைப் பற்றி. எலக்ட்ரானில் ஒவ்வொரு எனர்ஜிக்கும் தனி அமைப்பு. பீமில் கோளாறு என்றால் ஒன்று ஏறும், ஒன்று இறங்கும், ஒன்று அப்படியே நிற்கும். எல்லாம் ஒரே அளவு நகர்ந்தால் பொதுவான ஒன்றைத்தான் சந்தேகப்பட வேண்டும்: மெஷினுக்குள்ளேயே டோஸை எண்ணும் மானிட்டர் சேம்பர், இல்லையென்றால் நம் அளவீடு. அன்று காலைச் சோதனைக் கருவியோ மாற்றம் எதுவும் இல்லை என்று காட்டியிருந்தது. அந்தத் தாளும் என் மேசையில்தான் கிடந்தது.

என்னை விடாமல் அரிப்பது வேறு ஒன்று. நாங்கள் வைக்கும் பேரலல் பிளேட் சேம்பர் வெளிக்காற்றுக்குத் திறந்தது. அழுத்தம் குறைந்தால் உள்ளே காற்றும் குறையும், ரீடிங்கும் இறங்கும். அதனால் சர்வதேச அணுசக்தி முகமையின் டோஸ் அளவீட்டு வழிகாட்டியான டிஆர்எஸ் 398 சொல்லும் 20 டிகிரி, 1013.25 ஹெக்டோபாஸ்கல் அழுத்த நிலைக்குத் திருத்திக்கொள்கிறோம். பெங்களூரு கடல்மட்டத்திலிருந்து சுமார் 920 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. மழையோ வெயிலோ, எங்கள் பாரோமீட்டர் முள் 910ஐ ஒட்டியே ஆடும், ரீடிங்கைப் பெருக்கும் திருத்தம் 1.12 பக்கத்தில் வரும். அன்று ஒர்க்‌ஷீட்டில் 927 என்று எழுதியிருந்தது. என் கையெழுத்து. நானே முள்ளைப் பார்த்து, நானே எழுதியது.

அவன் சென்னையிலிருந்து வந்து ஆறு மாதம்தான். ஆயிரத்துக்கு மேல் அழுத்தம் பார்த்துப் பழகியவனுக்கு 912ம் 927ம் ஒன்றுதான். இந்த ஊரில் 927 வராது என்று தெரிந்தவன் நான். எனக்குத் தெரிந்திருந்தது, நான் பார்க்கவில்லை. அவனுக்குத் தெரியாது, ஆனாலும் ஏதோ சரியில்லை என்று பார்த்துவிட்டான்.

மூன்று வாரம் கழித்து, வேறு வேலையாக வந்த ஒரு நண்பரின் டிஜிட்டல் பாரோமீட்டரைப் பக்கத்தில் வைத்தபோதுதான் விஷயம் தெரிந்தது. எங்களுடையது 15 ஹெக்டோபாஸ்கல் கூடுதலாகக் காட்டியது. யாரோ துடைக்கும்போது தட்டிவிட்டிருக்கலாம். அழுத்தம் கூடுதலாகத் தெரிந்தால் திருத்தம் குறையும், டோஸும் குறைந்ததாகத் தெரியும். கணக்குப் போட்டால் சரியாக 1.6 சதவீதம்.

மெஷினைத் தொடாததால் எந்த நோயாளிக்கும் டோஸ் மாறவில்லை. நான் சொன்ன அந்த வார்த்தைதான் காப்பாற்றியது என்றுகூட வாதாடலாம். ஆனால் உண்மையான அவுட்புட் அந்த மாதம் இன்னொரு அரை சதவீதம் இறங்கியிருந்தால்? 2ஐத் தாண்டியிருக்கும், அதே பாரோமீட்டரை நம்பி நானே ஏற்றியிருப்பேன். மாஸ்டெக்டமி (மார்பக அகற்று அறுவை) முடிந்து தழும்புக்கு 9 எம்இவி வாங்கிக்கொள்ள ஓசூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் அம்மா ஒருவர் அப்போது லிஸ்டில் இருந்தார். அவருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று ஒரு ராத்திரி கணக்குப் போட்டேன். 1.6 சதவீதம் போலக் கூடியிருக்கும், அதற்கு மேல் இல்லை. மருத்துவ ரீதியில் அது ஒன்றுமில்லை என்பார்கள், உண்மைதான். ஆனாலும் கணக்கை இரண்டாம் முறையும் போட்டேன்.

கடன் வாங்கிய பாரோமீட்டரோடு மறுநாள் இரவே நான்கையும் திரும்ப அளந்தோம். எல்லாம் அரை சதவீதத்துக்குள். பழைய தாளில் திருத்தக் குறிப்பு எழுதி, தேதி போட்டு, அவனிடம் நீட்டினேன். நீ அன்றைக்கே கேட்டாய் என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. எலக்ட்ரோமீட்டரைச் சொன்னேன், கேபிளைச் சொன்னேன், புது பாரோமீட்டர் வாங்க இண்டென்ட் போட வேண்டும் என்றேன்.

அவன் குறிப்பை முழுவதும் படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான்.

"அப்போ மெஷின் நல்லாத்தான் இருந்திருக்கு, சார்" என்றான்.

அறையில் எங்கள் இருவரைத் தவிர யாருமில்லை.